எக்கோஸ்: ஒரே பாட்டைக் கொண்டு அளக்கப்பட்ட ஆல்பம்

2003ஆம் ஆண்டின் மிகச் சிறந்த ஆல்பம் எது என்ற கேள்விக்குப் பிட்ச்ஃபோர்க் இணைய இதழ் கொடுத்த பதில், நியூயார்க்கின் த ரேப்சர் குழு வெளியிட்ட ‘எக்கோஸ்’. அதே ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் 100 இடங்களுக்குள்கூட வரவில்லை. விமர்சகர்கள் கொண்டாடியதை ஜனங்கள் வாங்காமல் போவது இசை உலகத்தில் வழக்கமாக நடப்பதுதான். அதற்காக மட்டும் இப்படி உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்களும் சரி, ஏமாந்துபோனோம் என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் சரி, பெரும்பாலும் இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசவே இல்லை. முந்தைய வருடமே வெளிவந்துவிட்ட ஒரு பாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவர்ஸ்’ என்ற அந்தப் பாட்டு, ஆல்பத்தின் பதினொரு பாடல்களில் ஆறாவது. மற்ற பத்துக்கும் அந்த ஆறாவதுதான் அளவுகோலாக ஆனது.

குழு எங்கிருந்து வந்தது

லூக் ஜென்னர் பாடகர், கிட்டார் கலைஞர். வீட்டோ ரொக்கோஃபோர்ட்டே ட்ரம்ஸ். இருவரும் 1998 இல் சான் ஃப்ரான்சிஸ்கோவில் குழுவைத் தொடங்கினார்கள். 1999 இல் கிராவிட்டி என்ற சிறிய நிறுவனம் வழியாக ‘மிரர்’ என்ற குறு ஆல்பம் வந்தது. அதைக் கணக்கில் எடுத்தால் ‘எக்கோஸ்’ முதல் ஆல்பமே அல்ல. ஆனால் 2003 இல் இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட பெரும்பாலானோருக்கு ‘மிரர்’ இருப்பதே தெரியாது. அறிமுக ஆல்பம் என்றே ‘எக்கோஸ்’ விற்கப்பட்டது, அப்படித்தான் கேட்கப்பட்டது. அப்புறம் குழு நியூயார்க்குக்கு இடம் மாறியது, பேஸ் கிட்டாருக்கு மேட்டி சேஃபர் சேர்ந்தார், 2001 இல் சப் பாப் நிறுவனத்தில் ஒரு சிறு தொகுப்பு வந்தது. பின்னால் ரொக்கோஃபோர்ட்டேயின் உறவினர் கேப்ரியல் ஆண்ட்ருஸ்ஸி சாக்ஸபோனும் கீபோர்டும் வாசிக்க வந்தார்.

நியூயார்க்கில் அவர்களைப் பிடித்துக்கொண்டவர்கள் ஜேம்ஸ் மர்ஃபி, டிம் கோல்ட்ஸ்வொர்தி என்ற தயாரிப்பாளர் ஜோடி. மர்ஃபி ராக் குழுக்களுக்கு ஒலிப்பதிவு செய்து பழகியவர், கோல்ட்ஸ்வொர்தி இங்கிலாந்தின் நடன இசை வட்டாரத்திலிருந்து வந்தவர். இசைக் கலைஞர் டேவிட் ஹோம்ஸின் ஆல்பம் ஒன்றுக்காக வேலை பார்த்தபோது பழகிய இந்த இருவரும், ஜோனதன் கால்கினோடு சேர்ந்து டிஎஃப்ஏ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ட்ரம்ஸை எப்படி மைக்கில் பிடிப்பது என்று அறிந்தவர் ஒருவர், ஒரு தாளத்தை எத்தனை நிமிடம் நகர்த்தினால் கூட்டம் தன்னை மறக்கும் என்று அறிந்தவர் இன்னொருவர். பங்க் என்ற கரடுமுரடான ராக் வகையை வாசிக்கும் ஒரு குழு இவர்கள் கையில் அகப்பட்டபோதுதான் விஷயம் தொடங்கியது.

அப்போதைய நியூயார்க்கின் நிலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1926 இல் போட்ட கேபரே சட்டம் அந்த நகரத்தில் அப்போதும் அமலில் இருந்தது. உரிமம் வாங்காத மதுக்கூடத்தில் வாடிக்கையாளர்கள் ஆடினால் குற்றம். நீண்ட காலம் தூங்கிக் கிடந்த அந்தச் சட்டத்தை, 1990களில் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் தட்டி எழுப்பிக் கறாராக அமல்படுத்தியது. ஆடக்கூடாது என்று சுவரில் அறிவிப்பு மாட்டிய மதுக்கூடங்கள் இருந்தன. அது 2017 வரை ரத்தாகவில்லை. ஆக, கிட்டார் குழுவின் நிகழ்ச்சிக்குப் போய் ஆடுவது அந்த ஊரில் வெறும் பொழுதுபோக்கு இல்லை, ஓரளவு எதிர்ப்பும்கூட. இதை மனதில் வைக்காமல் படித்தால், அந்த விமர்சனங்களின் ஆவேசம் விளங்காது.

அந்த ஐந்து நிமிடம்

‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவர்ஸ்’ 2002 இல் டிஎஃப்ஏ வெளியிட்ட 12 அங்குல இசைத்தட்டு. நீளம் ஐந்து நிமிடம் சொச்சம். அதை நிதானமாகக் கேட்க வேண்டும்.

கிக் ட்ரம் என்ற பெரிய ட்ரம்மின் அடி நாலு எண்ணிக்கைக்கும் தவறாமல் விழுகிறது, ஹவுஸ் என்ற கிளப் நடன இசையில் விழுவதைப் போலவே. ஆனால் வாசிப்பது மனிதக் கை. அடியில் சின்னச் சின்ன அழுத்த வேறுபாடு இருக்கிறது, அந்த வேறுபாடுதான் பாட்டுக்கு வியர்வை நாற்றத்தைக் கொடுக்கிறது. பேஸ் கிட்டார் ஒரே சொற்றொடரைச் சுற்றிச் சுற்றி வருகிறது. மேலே ஒரு கவ்பெல், வறட்டு உலோகச் சத்தம். கிட்டார் இங்கே மெட்டு வாசிக்க வரவில்லை, தகரத்தைக் கிழிப்பதற்கே வந்திருக்கிறது. அதற்கும் மேலே ஜென்னர் கத்துகிறார். சுதியோடு அவருக்கு இருக்கும் உறவு எப்போதும் கொஞ்சம் தகராறானது. இங்கே அது அப்பட்டமாகவே தெரிகிறது. நடுவில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணுகிறார். பாட்டில் வார்த்தை என்று இருப்பது சொற்பம்.

மர்ஃபி, கோல்ட்ஸ்வொர்தி செய்த வேலையின் அருமை எதில் என்றால், அவர்கள் எதையும் மெழுகவில்லை. பங்க் குழுவின் கரடுமுரடை அப்படியே விட்டு, அடித்தளத்தை மட்டும் நடன மேடைக்கு ஏற்றபடி அழுத்தமாக்கினார்கள். அதனால் அந்தத் தட்டை ராக் டிஜேவும் போட முடிந்தது, ஹவுஸ் டிஜேவும் போட முடிந்தது. மறுபக்கத்தில் நடன இசைத் தயாரிப்பாளர் மார்கன் கீஸ்ட் செய்த ரிமிக்ஸ் இருந்தது. அதுவே இந்தத் தட்டு யாருக்காக அச்சடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். அதுவரை ஒருவரையொருவர் எட்டிக்கூடப் பார்க்காத இரண்டு கூட்டங்கள் ஒரே பாட்டுக்கு ஆடின. என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டின் மிக முக்கியமான சிங்கிள்களில், அதாவது தனியாக வெளியான பாட்டுகளில், ஒன்று இது. இதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இல்லை.

காத்திருப்பு

பாட்டு பற்றிக்கொண்டதும் பெரிய நிறுவனங்கள் வரிசையில் நின்றன. அதே ஊர் ராக் குழுவான ஸ்ட்ரோக்ஸின் வெற்றிக்குப் பிறகு நியூயார்க்கில் எந்தக் குழுவின் கதவையும் யாரோ ஒருவர் ஒப்பந்தத்தோடு தட்டிய காலம் அது. ஆல்பம் பதிவாகி முடிந்தும், யார் வெளியிடுவது என்ற பேரத்தில் மாதங்கள் ஓடின. கடைசியில் குழு டிஎஃப்ஏவைத் தாண்டி யுனிவர்சல் குழும நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. தயாரிப்பாளர்களுக்கும் குழுவுக்குமான அந்தப் பிரிவு கசப்பாகவே நடந்தது, பின்னாளில் இரு தரப்பும் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். இதற்கிடையில் ஆல்பம் கோப்புப் பகிர்வு வழியாக இணையத்தில் கசிந்துவிட்டது. 2003 செப்டம்பரில் பிரிட்டனிலும் அக்டோபரில் அமெரிக்காவிலும் கடைக்கு வந்தபோது, யார் இதற்காகத் துடித்துக்கொண்டிருந்தார்களோ அவர்களில் பலர் அதைக் கேட்டு முடித்திருந்தார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். கடையில் வைக்கப்பட்டது அதுதான்.

தாமதத்தால் விற்பனை குறைந்தது என்று சொல்வது எளிது. அதைவிட ஆழமான சேதம் ஒன்று நடந்தது. ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவர்ஸ்’ முதலில் இசைத்தட்டாக, அப்புறம் கசிந்த ஆல்பத்தின் நடுவே, அப்புறம் மறுவெளியீட்டுச் சிங்கிளாக, கடைசியில் கடைக்கு வந்த ஆல்பத்தில் என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. மற்ற பத்துப் பாட்டுகள் ஒருமுறை காதில் விழுவதற்குள் இந்த ஒன்று நாலு சுற்று வந்துவிட்டது. பிறகு எதைக் கேட்டாலும் அதோடு ஒப்பிடாமல் எப்படி இருக்க முடியும்?

விமர்சகர்கள் எதைக் கேட்டார்கள்

பிட்ச்ஃபோர்க்கில் எழுதியவர் அதன் நிறுவனர் ரயன் ஷ்ரைபர். பத்துக்கு 9.0 கொடுத்தார். அந்த விமர்சனத்தின் சூடு இசையைவிடக் கேட்பவர்களை நோக்கியே பாய்ந்தது. நிகழ்ச்சிகளுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்று, மற்றவர்களை இளக்காரமாகப் பார்க்கும் இண்டி ராக் (பெரிய நிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்த ராக்) ரசிகரைத்தான் அவர் பிடித்து உலுக்கினார். அந்தக் கூட்டத்தை ஆடவைக்க வந்த மருந்து என்பதுபோல ஆல்பத்தை முன்வைத்தார். வருடக் கடைசியில் முதலிடமும் கொடுத்தாயிற்று. பிரிட்டனின் வார இசை இதழ்களும் நியூயார்க் குழுக்கள் எல்லாவற்றுக்கும் கொடி பிடித்துக்கொண்டிருந்த நேரம், இதற்கும் பிடித்தன.

அந்தப் பாராட்டில் நேர்மை இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒரு நோய் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் என்னவென்றால், அந்தப் பாராட்டு இந்த ஆல்பத்தின் பாதிக்குத்தான் பொருந்தும். மூன்றாவது பாட்டு ‘ஓப்பன் அப் யுவர் ஹார்ட்’. மெதுவாக, தள்ளாடி, ஏறக்குறைய அழுகையாகப் போகும் பாட்டு. முதலிரண்டு பாட்டுக்கும் எழுந்து நின்றவரை அது உட்காரவைத்துவிடும். கடைசிப் பாட்டு ‘இன்ஃபாச்சுவேஷன்’ நடன மேடையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ‘லவ் இஸ் ஆல்’ கிட்டத்தட்ட பழைய ராக் பாட்டு. மக்களை ஆடவைக்க வந்த விடுதலைப் பிரகடனம் என்று ஆல்பத்தை அறிவித்துவிட்டால், இந்தப் பாட்டுகளை என்ன செய்வது? புகழ்ந்தவர்கள் அவற்றைச் சுருக்கமாகத் தாண்டினார்கள். குறை சொன்னவர்களோ சரியாக அந்த இடத்தில்தான் கையை வைத்தார்கள்.

குறைகளில் முதலாவது குரல். க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித்தைப் போலிருக்கிறது, சுதியில் நிற்கவில்லை, ஒரு பாட்டுக்குச் சரி, ஆல்பம் முழுக்க இந்தக் கத்தலை யார் தாங்குவது? இரண்டாவது, எல்லாமே இரவல். கேங் ஆஃப் ஃபோர், பப்ளிக் இமேஜ் லிமிடெட் போன்ற 1979 காலத்துப் போஸ்ட்-பங்க் (பங்க் அலைக்குப் பின் வந்த) குழுக்களின் சரக்கைத் தூசி தட்டி எடுத்து வந்திருக்கிறார்கள் என்பது வாதம். மூன்றாவது, ஒரு பாட்டுப் பியானோ, அடுத்தது கிட்டார் அலறல், அடுத்தது தாலாட்டு என்று ஆல்பத்துக்கு ஒரு முகமே இல்லை.

இரவல் என்ற குற்றச்சாட்டைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ‘எக்கோஸ்’ என்ற தலைப்புப் பாட்டைக் கேட்டால் பப்ளிக் இமேஜ் லிமிடெட்டின் சாயல் பளிச்சென்று தெரியும். ‘த கமிங் ஆஃப் ஸ்பிரிங்’ கேட்டால் கேங் ஆஃப் ஃபோரின் வெட்டுக் கிட்டார். ஆனால் ஒலி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்ததோடு பலர் நிறுத்திக்கொண்டது எனக்கு ஆதங்கம். கேங் ஆஃப் ஃபோர் அந்த வெட்டுக் கிட்டாரை வைத்துச் சந்தையையும் உழைப்பையும் விசாரணை செய்தார்கள். உணர்ச்சியையே சந்தேகத்தோடு பார்த்தவர்கள் அவர்கள். ஜென்னரிடம் அந்த அரசியல் துளியும் கிடையாது. அவர் பாட்டுகளின் தலைப்புகளையே வரிசையாகப் பாருங்கள்: மனதைத் திற, உன் அன்பு எனக்கு வேண்டும், அன்பே எல்லாம். கெஞ்சுகிறார். வெட்கமே இல்லாமல் கெஞ்சுகிறார். விசாரணைக்காகச் செய்த கருவியை எடுத்துக் கெஞ்சுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதுதான் இந்த ஆல்பத்தின் புதுமை. அந்தக் குரல் சுதி பிசகுவது இந்த இடத்தில் குறையாக எனக்குப் படவில்லை. சுத்தமாகப் பாடிக் கெஞ்சினால் யார் நம்புவார்கள்?

ஆல்பத்துக்கு முகம் இல்லை என்ற மூன்றாவது குறைக்கு என்னிடம் இருக்கும் பதில் முதல் பாட்டு ‘ஓலியோ’. இது 1999 இன் ‘மிரர்’ தொகுப்பிலேயே இருந்த பாட்டு. அங்கே கரடுமுரடான, இருண்ட ஒன்று. டிஎஃப்ஏ கைக்கு வந்ததும் அது ட்ரம் மெஷின் துடிப்பின் மேல் பழைய ஹவுஸ் பாணிப் பியானோ அடித்து நடக்கும் பாட்டாக மாறியது. மாறாமல் இருந்தது ஜென்னரின் ஊளை மட்டும். நடன இசையின் பியானோ என்றாலே அதில் ஒரு குதூகலம் இருக்கும், கைகளைத் தூக்கு என்று சொல்லும். அதன் மேல் ஒருவன் தனிமையில் புலம்புகிறான். கீழே கொண்டாட்டம், மேலே புலம்பல். ஆல்பத்தின் முகம் இதுதான். அது முதல் பாட்டிலேயே தெளிவாக வந்துவிட்டது. பிறகு வரும் ஒவ்வொரு பாட்டும் இந்த இரண்டின் விகிதத்தைத்தான் மாற்றிப் பார்க்கிறது. ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவர்ஸ்’ கொண்டாட்டம் மிகவும் ஓங்கிய ஒரு முனை, ‘ஓப்பன் அப் யுவர் ஹார்ட்’ புலம்பல் மட்டும் மிஞ்சிய மறுமுனை. சிங்கிளை நடுநாயகமாக வைத்துக் கேட்டவர்களுக்கு மறுமுனை பிழையாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

வாங்கியவர்களும் வாங்காதவர்களும்

பிரிட்டனில் மறுவெளியீடு கண்ட சிங்கிள் 27ஆம் இடம் வரை போனது. ஆல்பமும் 40 இடங்களுக்குள் வந்தது. ஒரு கத்தல் பாட்டுக்கு இது நல்ல கணக்கு. நடனக் கூடமும் கிட்டார் குழுவும் பல வருடங்களாகவே கலந்து பழகிய நாடு அது, மான்செஸ்டரில் அதற்கென்று ஒரு வரலாறே உண்டு. அமெரிக்காவில் அப்படிப்பட்ட பாலம் இல்லை. கிளப்பில் இசைத்தட்டைக் கேட்டு ஆடியவருக்கு ஆல்பம் ராக் ஆல்பமாக இருந்தது. ராக் ரசிகருக்கோ சிந்தசைசரும் ட்ரம் மெஷினும் எட்டிப் பார்க்கும் ‘ஐ நீட் யுவர் லவ்’ கிளப் சமாச்சாரம். பரபரப்பை நம்பி முதன்முதலாக வாங்கியவர், பதினொரு ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவர்ஸ்’ கிடைக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர். அவர் எதிர்பார்ப்பைக் குற்றம் சொல்லவும் முடியாது. விளம்பரமும் விமர்சனமும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

மக்களுக்கு டான்ஸ்-பங்க் என்ற இந்த நடன-பங்க் கலவை பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், அடுத்த சில மாதங்களைக் காட்டலாம். 2004 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதே வெட்டுக் கிட்டார், அதே நடனத் துடிப்பு. பெண்கள் ஆடுவதற்கான இசை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பிரிட்டனின் மெர்க்குரி இசை விருது, பெரிய விற்பனை, வானொலியில் இடைவிடாத ஒலிபரப்பு. மெட்டு சுத்தம், பாடகர் நிதானம், கிண்டல் கலந்த கெட்டிக்காரத்தனம். அருமையான ஆல்பம், மறுக்க மாட்டேன். ஆனால் அதில் எங்கும் யாரும் கெஞ்சவில்லை. ‘எக்கோஸ்’ தோற்றுப்போன இடம் தாளம் அல்ல, அந்தக் கெஞ்சல்தான் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு முக்கியச் சான்று.

இன்னொரு சான்று மர்ஃபியிடமே இருக்கிறது. அவருடைய எல்சிடி சவுண்ட்சிஸ்டம் குழுவின் முதல் ஆல்பம் 2005 இல் வந்தது. அவரிடமும் 2002 இல் புகழ்பெற்ற சிங்கிள் ஒன்று இருந்தது, ‘லூஸிங் மை எட்ஜ்’. அதையும் மற்ற பழைய சிங்கிள்களையும் புதிய ஆல்பத்தின் நடுவில் அவர் சொருகவில்லை, தனியாக இரண்டாவது டிஸ்க்கில் வைத்துக் கொடுத்தார். என்ன யோசித்து அப்படிச் செய்தார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். விளைவு என்னவோ தெளிவு: புதிய பாட்டுகள் தங்கள் காலில் நின்றன. ‘எக்கோஸ்’ பட்ட அவஸ்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர் என்பதை நினைத்தால், எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

த ரேப்சர் 2006 இல் பால் எப்வொர்த், ஈவன் பியர்சன், டேஞ்சர் மவுஸ் ஆகியோரின் தயாரிப்பில் அடுத்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். சுறுசுறுப்பான, குறைவில்லாத விருந்துப் பாட்டுகள். விமர்சகர்கள் ‘எக்கோஸ்’ எப்படி இருந்திருக்க வேண்டும் என்று சொன்னார்களோ அப்படி இருந்தது என்றே சொல்லலாம். அதனாலேயே எனக்கு அது ஒட்டவில்லை. சேஃபர் பின்னர் விலகினார். மிச்சமிருந்தவர்கள் 2011 இல் டிஎஃப்ஏவுக்கே திரும்பிவந்து, பிலிப் ஸ்தார் தயாரிப்பில் ‘இன் த கிரேஸ் ஆஃப் யுவர் லவ்’ வெளியிட்டார்கள். அதில் ‘ஹவ் டீப் இஸ் யுவர் லவ்’ என்ற பாட்டைக் கேட்டால் அடியில் மீண்டும் அந்த ஹவுஸ் பியானோ, மேலே மீண்டும் அந்தக் கெஞ்சும் குரல். ‘ஓலியோ’வில் ஆரம்பித்தது எட்டு வருடம் கழித்துத் தொடர்ந்தது. அந்தத் தொடர்ச்சி கண்ணில் படுகிறவருக்கு, 2003 இல் வழி மாறிப் போனதாகச் சொல்லப்பட்ட மெதுவான பாட்டுகள்தான் குழுவின் நேர்வழி என்பது புரியும்.

இதுவரை இந்த ஆல்பத்தைக் கேட்காதவர்களுக்கு ஒரு யோசனை. ஆறாவது பாட்டை முதல் சில முறை தாண்டிவிடுங்கள். ‘ஓலியோ’வில் தொடங்கி, மூன்றாவது பாட்டில் வேகம் படுத்துவிடும்போது பொறுமையாக உட்கார்ந்திருந்து, ‘ஐ நீட் யுவர் லவ்’ வந்ததும் எழுந்து, ‘இன்ஃபாச்சுவேஷன்’ வரை போங்கள். பிறகு ஒருநாள் ‘ஹவுஸ் ஆஃப் ஜெலஸ் லவர்ஸ்’ போட்டுப் பாருங்கள், சத்தமாக. எல்லோரும் ஆடிய அந்தப் பாட்டிலும் ஜென்னர் யாரையோ கூப்பிட்டுக் கதறிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது அப்போது கேட்கும்.